கனசாவா, மாட்சுவே, ககோஷிமா: கையில் நான்கு நாள் இருந்தால் எந்த ஊர்?

டோக்கியோவும் கியோட்டோவும் முடிந்த பிறகு நான்கு நாள் மிச்சம் இருக்கிறது, ஒரே ஒரு மாகாணத் தலைநகரில் தங்கி அந்த ஊரின் வரலாற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்டுப் பல வாசகர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இஷிகாவா மாகாணத்தின் கனசாவா, ஷிமானே மாகாணத்தின் மாட்சுவே, தெற்குக் கோடியில் இருக்கும் ககோஷிமா.

மூன்றுமே கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். மூன்றின் கோட்டைகளும் 1583-க்குப் பிந்திய முப்பது ஆண்டுகளுக்குள் உருப்பெற்றவை. அதனால்தான் தேர்ந்தெடுப்பது கடினமாக இருக்கிறது. சுற்றுலாக் கையேட்டைத் திறந்தால் எல்லாவற்றிலும் கோட்டை, தோட்டம், சாமுராய் தெரு என்றே இருக்கும். அந்தப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் முடிவே வராது. அதற்குப் பதிலாக இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் அமைந்தது என்று கேட்டுப் பாருங்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது தெரிந்துவிடும். கனசாவா இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள மேட்டில் பிறந்தது. மாட்சுவே இரண்டு ஏரிகளுக்கு நடுவே உள்ள சேற்றில் பிறந்தது. ககோஷிமாவுக்கு எதிரே ஒரு எரிமலை நிற்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, பழையது எவ்வளவு உண்மையிலேயே மிஞ்சியிருக்கிறது என்பது. ஜப்பானில் இன்று நிற்கும் கோட்டைக் கோபுரங்களில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியவை. பழைய மரக் கோபுரம் அப்படியே நிற்பது நாடு முழுவதும் 12 இடங்களில்தான்.

இரண்டாவது, நிலவியலை நடந்தே புரிந்துகொள்ள முடியுமா என்பது. மூன்றாவது வானிலை. நான்காவது, போய்வரும் நேரமும் முன்கூட்டித் தெரியாத செலவுகளும்.

முதல் இரண்டுக்கும்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். வரலாற்றுக்காகப் போகிறவர் மழையைப் பொறுத்துக்கொள்ளலாம், பார்க்க எதுவும் மிஞ்சவில்லை என்றால் என்ன செய்வது?

## கனசாவா: மேட்டின் நுனியில் ஒரு பணக்கார ஊர்

சாய், அசானோ என்ற இரண்டு ஆறுகள் தென்கிழக்கு மலைகளிலிருந்து இறங்கி ஜப்பான் கடலை நோக்கி ஓடுகின்றன. நடுவே கொதாட்சுனோ என்ற மேட்டுநிலம் ஒரு நாக்கு போல நீண்டு வருகிறது. கோட்டை அந்த நாக்கின் நுனியில் இருக்கிறது. ஆறுகளைத் தாண்டி இரு பக்கமும் கோவில்களை வரிசையாக நிறுத்தினார்கள், எதிரி வந்தால் அவையே முதல் அரண். தெராமாச்சியின் கோவில் தெருவில் நடக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்கு முன்பு அந்த நுனியில் இருந்ததும் ஒரு கோவில்தான். 1488-இல் ஜோதோ ஷின்ஷூ என்ற பௌத்தப் பிரிவைச் சேர்ந்த குடியானவர்களும் சிறு வீரர்களும் கிளர்ந்தெழுந்து, காகா என்ற இந்த நாட்டை ஆண்ட தொகாஷி மசாசிகாவை வீழ்த்தினார்கள். அதன் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்த நாட்டுக்கு மன்னன் இல்லை. 'குடியானவர் கையில் இருக்கும் நாடு' என்று அதற்குப் பெயரே உண்டு. 1546-இல் அவர்கள் கட்டிய தலைமைக் கோவில் 1580-இல், நாட்டை ஒன்றாக்கப் போரிட்ட ஒடா நொபுனாகாவின் படையிடம் விழுந்தது. 1583-இல், நொபுனாகாவின் தளபதியாக இருந்த மயேதா தோஷியியே அந்த இடத்துக்குக் குடிவந்தார். கனசாவாவைப் பற்றி எழுதுபவர்கள் மயேதா வம்சத்திலேயே கதையைத் தொடங்கிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

மயேதா சமஸ்தானத்தின் மதிப்பு பத்து லட்சம் கோகுவுக்கு மேல். ஒரு கோகு என்பது ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி, ஏறத்தாழ 180 லிட்டர். நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுக்கு அடுத்து இவ்வளவு வருமானம் வேறு எந்தச் சமஸ்தானத்துக்கும் இல்லை. இவ்வளவு பணத்தைப் படையில் போட்டால் ஷோகனின் தலைநகரான எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) சந்தேகம் வரும். அதனால் தேநீர்க் கலை, நோ நாடகம், அரக்கு வேலை, பட்டுச் சாயம், தங்க ரேக்கு என்று கைவினையில் கொட்டினார்கள். இன்றும் ஜப்பானின் தங்க ரேக்கு கிட்டத்தட்ட முழுவதும் கனசாவாவில்தான் தயாராகிறது.

ஒரே ஒரு இடத்தைப் பார்க்க நேரம் இருந்தால் நான் தாட்சுமி கால்வாயைச் சொல்வேன். 1631-இல் பெருந்தீ வந்தது, மேட்டின் மேலே தண்ணீர் இல்லை. அடுத்த ஆண்டே சாய் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள், அதில் ஒரு பகுதி சுரங்கம். பொறுப்பேற்றவர் இத்தாயா ஹெய்ஷிரோ என்ற வணிகர். கோட்டைக்கு முன்னால் ஒரு பள்ளம் குறுக்கிட்டது. தண்ணீரைக் குழாய்க்குள் பள்ளத்தில் இறக்கி, வந்த அழுத்தத்திலேயே மறுபுறம் ஏற்றிக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். இன்று கென்ரோக்குவென் தோட்டத்துக்கும் கோட்டைக்கும் நடுவே வண்டிகள் ஓடும் சாலைதான் அந்தப் பள்ளம், அன்று அது அகழி. பாலத்தின் மேல் நின்று இரு பக்கமும் பார்த்தால் ஊரின் பொறியியல் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். தோட்டத்தின் குளங்களுக்கும், இயற்கை அழுத்தத்தில் எழும் அதன் நீரூற்றுக்கும் இந்தக் கால்வாய்தான் ஆதாரம்.

சரி, கோட்டை? இங்கே ஏமாற வேண்டாம். கோபுரம் 1602-இல் இடி விழுந்து எரிந்தது, திரும்பக் கட்டவே இல்லை. 1881 தீயில் மற்றவையும் போயின. 1788-இல் கட்டிய இஷிகாவா வாசலும் ஒரு நீண்ட கிடங்கும் பழையவை. ஹிஷி காவல் கோபுரமும் அதை ஒட்டிய கட்டடமும் பழைய தச்சு முறையில் 2001-இல் எழுப்பியவை. ஆனால் இரண்டாம் உலகப்போரில் இந்த ஊர் பெரிய குண்டுவீச்சிலிருந்து தப்பியது. அதனால் சாமுராய் குடியிருப்பான நாகாமாச்சியின் மண் மதில்களும், 1820-இல் தேநீர் விடுதிகளுக்கு அனுமதி பெற்று உருவான ஹிகாஷி சாயா தெருவின் மரவீடுகளும், வளைந்து வளைந்து போகும் பழைய தெருப்பின்னலும் பிழைத்தன.

வெளியே தெரியாத செலவு இரண்டு. ஒன்று மழை. 'சோற்றுப்பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது இந்தக் கடற்கரையின் பழமொழி. குளிர்காலத்தில் இடியோடு பனி கொட்டும். இரண்டு, கூட்டம். 2015 மார்ச்சில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் வந்த பிறகு டோக்கியோ இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது, வார இறுதியில் அறை வாடகையும் ஏறிவிடுகிறது. ஓசாகாவிலிருந்து வருபவர்கள் 2024 மார்ச் முதல் சுருகாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். அதே ஆண்டு ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம் வந்தது. ஊர் பெரிதாகச் சேதமடையவில்லை என்றாலும் கோட்டையின் கற்சுவர்கள் சில இடங்களில் சரிந்தன. போகுமுன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதியவர்களோடு போகிறவர்கள், கைவினை பிடித்தவர்கள், ரயிலில் நேரத்தை இழக்க விரும்பாதவர்கள், இவர்களுக்குக் கனசாவா.

## மாட்சுவே: தண்ணீருக்கு நடுவே ஓர் உண்மையான கோட்டை

மூன்றில் சிறியது இதுதான், மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குள். மேற்கே சின்ஜி ஏரி, கிழக்கே நாகாவுமி, இரண்டையும் இணைக்கும் ஓஹாஷி ஆறு ஊரை வடக்கு தெற்காகப் பிரிக்கிறது.

1600-இல், டொகுகாவா வம்சம் ஷோகன் பதவிக்கு வர வழிவிட்ட செகிகஹாரா போருக்குப் பிறகு ஹோரியோ குடும்பம் இந்தப் பகுதியைப் பெற்றது. அவர்களுக்குக் கிடைத்த பழைய கோட்டை உள்நாட்டில் மலைமேல் இருந்தது. போர்க்காலத்துக்கு அது சரி, வணிகத்துக்குச் சரிவராது. ஹோரியோ யோஷிஹாரு ஏரிக்கரையில் கமேதா குன்றைத் தேர்ந்தெடுத்து 1607-இல் வேலையைத் தொடங்கினார். சுற்றிலும் சதுப்பு. குன்றுக்கு வடக்கே இருந்த மேட்டை வெட்டி அகழியாக்கி, அந்த மண்ணை எடுத்துச் சதுப்பில் கொட்டி வீட்டுமனை ஆக்கினார்கள். 1611-இல் கோட்டை முடிந்தது, அதே ஆண்டு யோஷிஹாருவும் இறந்துபோனார்.

அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. 12 பழைய கோபுரங்களில் இது ஒன்று. உள்ளே போனால் படிக்கட்டு செங்குத்து, தரை வழவழப்பு, அடித்தளத்தில் முற்றுகைக் காலத்துக்கான கிணறு. நீளமான மரங்கள் கிடைக்காததால் இரண்டு மாடி உயரமுள்ள தூண்களை மாற்றி மாற்றி நிறுத்தி எடையைப் பகிர்ந்திருக்கிறார்கள். பல தூண்களைச் சுற்றிப் பலகை வைத்து இரும்புப் பட்டையால் இறுக்கியிருப்பதைத் தொட்டே பார்க்கலாம்.

இது பிழைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஷோகன் ஆட்சி போய் 1868-இல் வந்த மெய்ஜி அரசு கோட்டைகளை ஏலம் விட்டபோது 1875-இல் இந்தக் கோபுரத்தை 180 யென்னுக்கு விற்றார்கள், வாங்கியவர் இடித்துப் பொருளை எடுக்கும் எண்ணத்தில் இருந்தார். உள்ளூர் நிலக்கிழார் ஒருவரும் பழைய சமஸ்தான வீரர் ஒருவரும் அதே தொகையைத் திரட்டிக் கட்டி மீட்டார்கள். அப்புறம் 1950-இல் சட்டம் மாறியபோது தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி போய்விட்டது. கட்டிய ஆண்டுக்கு உறுதியான சான்று இல்லாதது அதைத் திரும்பப் பெறுவதற்குத் தடையாக இருந்தது. 2012-இல் பக்கத்திலுள்ள மாட்சுவே ஆலயத்தில் 1611-ஐக் குறிக்கும் இரண்டு வேண்டுதல் பலகைகள் கிடைத்தன. அவற்றின் ஆணித் துளைகள் கோபுரத்தின் அடித்தளத் தூண்களில் இருந்த துளைகளோடு பொருந்தின. 2015 ஜூலையில் தகுதி திரும்பி வந்தது. அந்தத் தகுதி உள்ள கோபுரங்கள் நாட்டில் ஐந்துதான்.

அகழியைச் சுற்றிப் படகு விடுகிறார்கள், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம். தாழ்ந்த பாலம் வரும்போது கூரை இறங்கும், நாம் குனிய வேண்டும். வெட்டிய மேடு, கொட்டிய மண், சாமுராய்களின் ஷியோமி நாவாதே தெரு எல்லாமே படகிலிருந்து வரிசையாகத் தெரியும். நிலத்தை வாசிக்க இது மிக எளிய வழி. அதே தெருவில்தான் லாஃப்காடியோ ஹெர்ன் குடியிருந்த வீடும் இருக்கிறது. கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்த அவர் 1890 ஆகஸ்டில் ஆங்கில ஆசிரியராக வந்து, கொய்சுமி செட்சுவை மணந்து, பின்னாளில் கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டு ஜப்பானின் பேய்க்கதைகளை உலகுக்குச் சொன்னவர். இங்கே தங்கியது ஒன்றேகால் ஆண்டுதான்.

ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ஜி ஏரியின் நீர் கடல்நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உப்பு. ஷிஜிமி என்ற சிறு மட்டிக்கு அந்த உப்பு அளவு தேவை. 1960-களில் நாகாவுமியின் ஒரு பகுதியை நிலமாக்கவும் இரண்டு ஏரிகளையும் நன்னீராக்கவும் அரசு திட்டம் போட்டது. மீனவர்களும் ஊர்மக்களும் விடாமல் எதிர்த்தார்கள். 1988-இல் நன்னீர்த் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு, 2002-இல் முழுவதுமாகக் கைவிடப்பட்டது. காலையில் நீண்ட கழிகொண்ட வாரிகளால் மட்டி அள்ளும் படகுகளை ஏரியில் பார்க்கும்போது, அந்தப் போராட்டம் தோற்றிருந்தால் இவை இருந்திருக்காது என்பது நினைவுக்கு வரும்.

இன்னொன்று, கியோட்டோ, கனசாவாவோடு சேர்த்து ஜப்பானின் மூன்று பெரிய இனிப்பு ஊர்களில் மாட்சுவேயைச் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சமஸ்தானத்தை ஆண்ட மாட்சுதைரா ஃபுமாய் பெரிய தேநீர்க் கலைஞர், அந்தப் பழக்கம் வீடுகளுக்கும் பரவியது. அரிசியும் பயறும் சேர்ந்த இந்த இனிப்புகள் சைவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

செலவு என்று பார்த்தால் இங்கே நேரம்தான். ஷின்கான்சென் இல்லை. ஒக்கயாமாவில் மாறி மலைகளுக்கு நடுவே சுமார் இரண்டரை மணி நேரம் யாகுமோ ரயிலில் வர வேண்டும், டோக்கியோவிலிருந்து மொத்தம் ஆறு மணி நேரம் ஆகிவிடும். சன்ரைஸ் இசுமோ என்ற இரவு ரயில் ஒன்று டோக்கியோவிலிருந்து நேராக வருகிறது, ஆனால் ரயில் பாஸ் இருந்தாலும் தனி அறைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, முன்பதிவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இசுமோ பேராலயத்துக்குப் போக இச்சிபாத்தா ரயிலில் ஏரிக்கரை வழியாக ஒரு மணி நேரம். வண்டிகள் அடிக்கடி இல்லை, நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். குளிர்காலத்தில் இங்கும் கனசாவாவைப் போலவே வானம் மூடியிருக்கும். ஹெர்ன் இடம் மாறியதற்கு இந்தக் குளிரும் ஒரு காரணம்.

அணுமின் நிலையம் உள்ள ஒரே மாகாணத் தலைநகரம் இது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷிமானே அணுமின் நிலையம் நகர எல்லைக்குள்ளேயே இருக்கிறது, அதன் இரண்டாம் உலை 2024 டிசம்பரில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. பயணிக்கு இது தடை இல்லை. ஆனால் ஊரைப் புரிந்துகொள்ள நினைப்பவர் தெரிந்திருக்க வேண்டும்.

## ககோஷிமா: எரிமலைக்கு எதிரே

இங்கே கோபுரம் தேடிப் போகாதீர்கள். ஷிமாசு வம்சத்தின் கோட்டைக்குக் கோபுரமே கிடையாது, பின்னாலிருக்கும் ஷிரோயாமா குன்றுதான் அரண். 1945 ஜூன் 17 இரவு விழுந்த குண்டுகளும் மற்றத் தாக்குதல்களும் நகரின் பெரும்பகுதியை எரித்துவிட்டன. தெருக்கள் அகலம், கட்டடங்கள் புதியவை. கோட்டையின் பெரிய வாசல் 2020-இல் திரும்பக் கட்டியது. முதல் அளவுகோலில் ககோஷிமா தோற்றுவிடும்.

இரண்டாவதில் அது எல்லாரையும் முந்துகிறது. நகரிலிருந்து வெறும் 4 கிலோமீட்டரில், விரிகுடாவுக்கு நடுவே 1,117 மீட்டர் உயரத்தில் சகுராஜிமா புகைந்துகொண்டிருக்கிறது. படகில் 15 நிமிடம். சில ஆயிரம் பேர் அங்கேயே வாழ்கிறார்கள். அந்த விரிகுடாவின் வடபகுதியே ஏறக்குறைய 30,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த பெரிய எரிமலையின் வாய். அப்போது கொட்டிய சாம்பல் படிவத்துக்கு ஷிராசு என்று பெயர். தண்ணீர் நிற்காது, நெல் விளையாது, சர்க்கரைவள்ளிக்கிழங்கு விளையும். கிழங்கில் காய்ச்சும் ஷோச்சு மதுவுக்கு ககோஷிமா பேர்போனதும் இதனால்தான். கனமழை பெய்தால் இதே மண் சரியும். 1993 ஆகஸ்ட் 6 வெள்ளத்தில் கோட்சுகி ஆற்றின் ஐந்து பழைய கல்வளைவுப் பாலங்களில் இரண்டு போயின, மிச்சம் மூன்றையும் கல் கல்லாகப் பிரித்து ஒரு பூங்காவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

1914 ஜனவரி 12 அன்று சகுராஜிமா வெடித்தது. அதுவரை தீவாக இருந்த மலை, எரிகுழம்பு நீரிணையை மூடியதால் கிழக்கே நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. குரோகாமி என்ற இடத்தில் ஆலய வாசல் வளைவு ஒன்று சாம்பலில் புதைந்து, மேல்விட்டம் மட்டும் தரைக்கு மேலே தெரிகிறது. வெடிப்புக்கு முன் ஊர்த்தலைவர் வானிலை நிலையத்தை விசாரித்தபோது ஆபத்து இல்லை என்று பதில் வந்தது. அதை நம்பி இருந்தவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். பத்து ஆண்டு கழித்து ஊரார் ஒரு கல் நட்டார்கள். கோட்பாட்டை நம்பாதீர்கள், அறிகுறி தெரிந்தால் முதலில் கிளம்பத் தயாராகுங்கள் என்பது அதன் செய்தி. நான்கு நாளில் ஒன்றை இந்த மலைக்கு முழுவதுமாகக் கொடுங்கள்.

வரலாறு இங்கே நெருக்கமானது. 1549-இல் பிரான்சிஸ் சேவியர் ஜப்பானில் முதலில் இறங்கியது ககோஷிமாவில். 1609-இல் ஷிமாசு வம்சம் இங்கிருந்து ஆண்ட சாட்சுமா சமஸ்தானம், இன்றைய ஒகினாவாவில் இருந்த ரியூக்கியூ அரசின் மேல் படையெடுத்தது. அதனிடமிருந்து பறித்த அமாமித் தீவுகளின் மக்களைக் கரும்பு பயிரிட வைத்து, சர்க்கரையைப் பறித்து விற்ற காசில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமஸ்தானம் கடனிலிருந்து மீண்டது. சமஸ்தானத் தலைவர் ஷிமாசு நாரியாகிரா மேற்கத்திய முறையில் அமைத்த ஷூசெய்கான் ஆலைகளைப் பார்த்து வியக்கும்போது அந்தத் தீவு மக்களையும் நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1863-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் ஊரின் மேல் குண்டு பொழிந்தன. இரண்டே ஆண்டில், 1865-இல், நாட்டை விட்டு வெளியேறத் தடை இருந்தபோதே 19 பேரை ரகசியமாக அதே பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். ரயில் நிலையத்துக்கு முன்னால் அவர்களின் சிலை இருக்கிறது. 1982-இல் அதில் 17 உருவங்கள்தான். வெளியூர்க்காரர்கள் என்று விடப்பட்ட இருவரை 2020-இல் சேர்த்தார்கள். சைகோ தகாமோரியும் ஒகுபோ தோஷிமிச்சியும் வளர்ந்த கஜியா பகுதி அங்கிருந்து நடந்து போகும் தூரம். சேர்ந்து ஷோகன் ஆட்சியைக் கவிழ்த்த அந்த நண்பர்கள் பின்னால் எதிரெதிராக நின்றார்கள். புதிய அரசுக்கு எதிரான கலகத்தில் தோற்று, 1877 செப்டம்பர் 24 அன்று சைகோ ஷிரோயாமாவில் உயிர்விட்டார். அவர் தொடங்கிய பள்ளியின் கல்மதிலில் குண்டுத் துளைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இங்கே செலவு சாம்பல். கோடையில் காற்று நகரின் பக்கம் வீசும், அப்போது துணி, கண், கேமரா எல்லாவற்றிலும் படியும். குளிர்காலத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய்விடும். உள்ளூர் வானிலை அறிவிப்பில் மலைமேல் காற்று எந்தத் திசை என்பதையும் சொல்கிறார்கள், கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது. ஃபுகுவோகாவிலிருந்து ஷின்கான்சென்னில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான், ஓசாகாவிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கனசாவா | மாட்சுவே | ககோஷிமா |
|---|---|---|---|
| பழையது மிஞ்சியிருப்பது | தெருக்களும் வீடுகளும் நிறைய, கோட்டை குறைவு | 1611 கோபுரம், அகழி, சாமுராய் தெரு | மிகக் குறைவு |
| நிலத்தை வாசிப்பது | ஆறு, மேடு, கால்வாய்: நடந்து | ஏரி, அகழி: படகில் | எரிமலை: எங்கிருந்தும் |
| வானிலைத் தொல்லை | மழை, பனி | குளிர்கால மூட்டம் | கோடையில் சாம்பல் |
| டோக்கியோவிலிருந்து | இரண்டரை மணி | ஆறு மணி, அல்லது இரவு ரயில் | விமானம் நல்லது |
| கூட்டம் | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| தேவையான நாள் | 2 முதல் 3 | இசுமோவோடு 3 | சகுராஜிமாவோடு 3 |

சைவ உணவுக்கு மூன்றிலும் ஒரே சிக்கல்தான். குழம்பின் அடிநீரிலேயே உலர்மீன் சேர்ந்திருக்கும். தங்குமிடத்தில் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

## என் தேர்வு

கியோட்டோ பார்த்துவிட்டு வருபவருக்குக் கனசாவாவின் தேநீர்த் தெருக்கள் ஓரளவு பழகிய காட்சியாகத் தோன்றலாம். ஏற்கெனவே ஒசாகா அல்லது நகோயாவின் கான்கிரீட் கோட்டையில் லிஃப்ட் ஏறி ஏமாந்தவர் மாட்சுவேக்குத்தான் போக வேண்டும். மெய்ஜி மாற்றத்தைப் படித்து அந்த மனிதர்களின் ஊரைப் பார்க்கத் துடிப்பவருக்கு ககோஷிமாவைத் தவிர வேறு ஊர் சொல்ல மாட்டேன்.

எனக்கு நான்கு நாள் கொடுத்தால் மாட்சுவே, மாதம் அக்டோபர் கடைசி. அப்போது மூட்டம் தொடங்கியிருக்காது. முதல் நாள் மாலை வேறெங்கும் போகாமல் சின்ஜி ஏரியின் கிழக்குக் கரைக்குப் போய்விடுவேன், யொமெகாஷிமா என்ற சிறு தீவுக்குப் பக்கத்தில் சூரியன் இறங்கும். மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் கோபுரத்தின் வாசலில் நிற்பேன், படகு அதற்கு அப்புறம்.